வெறுங்கை

மூன்றாவது முறையும் பச்சைதான் எரிந்தது. நர்ஸ் ஞானசெல்வி ஸ்கேனரை லில்லியின் தோளிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஏற்கெனவே ஊசி போட்டாச்சுன்னு காட்டுதுக்கா. நான் என்ன செய்ய?"

"போட்டது ஊசி இல்ல, உப்புத்தண்ணி" என்றாள் அமலபுஷ்பம். "அதே உப்புத்தண்ணியத்தான் எங்க வீட்டுக்காரருக்கும் போட்டாவ. அவரு போயி இன்னையோட பதினேழு நாளாச்சு. பச்சை எரியிற கையோடதான் குழிக்குள்ள இறக்கினோம்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா இவளுக்கு ஒண்ணு எடுத்துப் போடு. ஏழு மாசம். உள்ள ஒரு உசுரு கிடக்கு."

ஞானசெல்வி எழுந்துபோய் மூலையில் இருந்த வெள்ளைப் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "இதுக்கு என்கிட்ட சாவி கிடையாதுக்கா. கைதான் சாவி. பொட்டு இல்லாத வெறுங்கையத் தோளோட இந்தக் கண்ணாடியில வச்சா மூடி திறந்து ஒரு ஊசி வெளிய வரும். பொட்டு வச்ச கைய வச்சா பூட்டிக்கிடும். ஒரே ஆளு ரெண்டு ஊசி வாங்கி ஒண்ண விக்கக் கூடாதுன்னு இப்படிச் செஞ்சு வச்சிருக்காவ."

லில்லி, புஷ்பத்தின் புருஷன் ராயப்பனின் தங்கை. அண்ணன் செத்த வீட்டில் அழுது அழுது தொண்டை போயிருந்தது. புஷ்பம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாற்பது ஊசி இருப்பதாகப் பெட்டியின் நெற்றியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வராந்தாவில் லூர்து காலனிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவே பத்தடி தூரம்.

அந்தக் காய்ச்சலுக்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது. சங்குமுனை ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. மூணாம்நாள் காய்ச்சல் என்றார்கள். முதல் நாள் உடம்பு வலிக்கும். இரண்டாம் நாள் சுகமானது போல இருக்கும். மூன்றாம் நாள் மூச்சு நிற்கும், அல்லது நிற்காது. தடுப்பூசி வந்த புதிதில் காகிதச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை ஜெராக்ஸ் கடைகளில் அச்சடித்து விற்றார்கள். போனில் கொடுத்தார்கள். அதையும் விற்றார்கள். பிறகுதான் தோல்முத்திரை ஆணையம் வந்தது. ஊசி மருந்து ஒரு குப்பியில், மை ஒரு குப்பியில். மருந்தை ஏற்றியதும் அதே இடத்தில் மையை ஒரு அழுத்து அழுத்துவார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனர் வெளிச்சம் பட்டால் பச்சையாக எரியும். ஜனங்கள் அதைப் பொட்டு என்றார்கள். பொட்டு இருந்தால்தான் பஸ், ரேஷன் கடை, துறைமுகத்து கேட். "காகிதம் பொய் சொல்லும், தோல் சொல்லாது" என்று டிவியில் நாளைக்கு நூறு தரம் விளம்பரம் வந்தது.

புஷ்பம் ஏமாளி இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

பிப்ரவரியில் ஊசிக்குத் தட்டுப்பாடு. துறைமுகத்தில் லோடு தூக்குகிறவர்களுக்குச் சிறப்பு முகாம் என்று கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டினார்கள். ஐஸ் பெட்டி, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, டோக்கன், வரிசை. செலவுக்கென்று தலைக்கு ஒரு தொகை வாங்கினார்கள். ராயப்பன் முதல் ஆளாகப் போக நின்றான். புஷ்பம்தான் தடுத்தாள். அவள் கடையில் ஸ்கேனர் ஒன்று வைத்திருந்தாள், வருகிற ஆட்களைச் சோதிக்க. அதைக் கையோடு கொண்டு போனாள். மோசடியிலிருந்து தப்ப ஆணையம் சொல்லிக் கொடுத்த வழி ஒன்றே ஒன்றுதான். போட்ட உடனே ஸ்கேன் செய்யுங்கள், பச்சை எரிந்தால் அசல். ராயப்பனுக்குப் போட்டதும் அவளே ஸ்கேன் செய்தாள். பச்சை பளீரென்று எரிந்தது. உடனே மண்டபத்து வாசலில் நின்று காலனியையே கூப்பிட்டாள். "நான் பாத்துட்டேன், அசல்தான், வாங்க!" நூற்று எழுபத்து நாலு பேர் வந்தார்கள். அவளும் கையை நீட்டினாள்.

ராயப்பனுக்குக் காய்ச்சல் கண்டபோது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவன் ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல ஊசி போட்ட அடையாளமே இல்லம்மா. மை மட்டும் அசல்."

"அசல் மை அவங்களுக்கு எங்க இருந்து கெடச்சுது சார்?"

"ஆணையத்தோட கிடங்குல இருந்துதான் கெடைக்கணும்" என்றார் டாக்டர், கதவைப் பார்த்துக்கொண்டே. "அத நீங்கதான் கேக்கணும். நான் கேட்டா நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

கேட்டாள். மனு எழுதிக் கேட்டாள். பதில் இரண்டு வரியில் வந்தது. தங்கள் பகுதியில் உள்ள முத்திரைகள் அனைத்தும் அசல் என்று சரிபார்க்கப்பட்டது. மோசடி எதுவும் நடைபெறவில்லை.

அந்தக் காகிதத்தை அவள் கிழிக்கவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சுகாதார நிலையத்திலிருந்து திரும்பி வரும் வழியில் புஷ்பம் வீட்டுக்குப் போகவில்லை. லில்லியின் கையைப் பிடித்து நேரே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பச்சை குத்தியதை அழிக்கிற கடை அது. காதலித்த பெண்ணின் பேரைக் கையில் குத்திவிட்டு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது ஓடி வருகிற பையன்கள்தான் அவள் பிழைப்பு. அதற்கென்று ஒரு லேசர் மெஷின் வைத்திருந்தாள்.

"மயினி, இது தப்பாச்சே" என்றாள் லில்லி. "பொட்ட அழிச்சா ஜெயிலும்பாவளே."

"உங்க அண்ணனைக் கொன்னவனுக்கு இல்லாத ஜெயிலு எனக்கு வருதா பாப்போம். நீட்டுட்டி கைய."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

ஸ்கேனர் வெளிச்சத்தில் ஒரு அவரைவிதை அளவுக்குப் பச்சை தெரிந்தது. அதன்மேல் லேசரைச் சொடுக்கினாள். தோல் கருகும் வாடை வந்தது. லில்லி முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஆறு தரம் சொடுக்கியதும் பச்சை மங்கி அணைந்தது. அரை மணி நேரத்தில் இருவரும் மறுபடி ஞானசெல்வி முன்னால் நின்றார்கள். அவள் அந்தப் புண்ணைப் பார்த்தாள், புஷ்பத்தைப் பார்த்தாள். லில்லியின் கையைக் கண்ணாடியில் வைத்தாள். பெட்டி மூடி கிளுக்கென்று திறந்தது.

அன்றைக்கே லில்லியைப் புருஷன் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டாள். மறுநாள் கடை முன்னால் காலனி முழுக்க நின்றது. மத்தியானத்துக்குள் பத்தொன்பது பேருக்கு அழித்தாள். கையில் வெந்த புண்ணோடு அவர்கள் சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். பெட்டி இப்போது சிவப்பாக எரிந்ததாம். "சிதைக்கப்பட்ட முத்திரை" என்று எழுத்து வந்ததாம். ஒரே ராத்திரியில் ஆணையம் மென்பொருளை மாற்றிவிட்டது. உப்புத்தண்ணி போட்டவனைக் கண்டுபிடிக்க இரண்டு மாதமாக முடியாதவர்கள், ஒருத்தி பொட்டை அழித்ததைப் பன்னிரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் கடைக்குச் சீல் வைத்தார்கள். லேசர் மெஷினை ஜீப்பில் ஏற்றினார்கள். நூற்று எழுபத்து நாலு பேர் ஏமாந்த விவகாரத்தில் பதிவான ஒரே வழக்கு அமலபுஷ்பத்தின்மேல்தான். அரசு முத்திரையை அழித்த குற்றம். ஜாமீனில் வெளியே வந்தபோது காலனியில் இன்னும் இரண்டு பேர் போயிருந்தார்கள். அதில் ஒருத்தி, அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி. அவள் மகன் புஷ்பத்தின் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான். "நீதான அசலுன்னு கூப்பிட்ட? நீதான சுட்டு அழிச்ச? எங்க அம்மைய ரெண்டு தடவ கொன்னுட்டியே!" புஷ்பம் கதவைச் சாத்தவில்லை. அவன் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள். அவன் சொன்னதில் தப்பு எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், உச்சி வெயிலில் ஒரு கார் வந்து தெருமுனையில் நின்றது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கி, முகக்கவசத்துக்கு மேல் முந்தானையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு வந்தாள். பாளையங்கோட்டை என்றாள். பெயர் கோமதி. வீட்டுக்காரர் ரோடு காண்டிராக்டர்.

"நீங்கதான் பொட்டு வேலை பாக்கீங்கன்னு சொன்னாங்க."

"வச்சதில்ல. அழிச்சிருக்கேன். அதுக்குத்தான் கேஸு ஓடுது."

"எனக்கு ஒண்ணு வைக்கணும்மா. தப்பா நினைக்காதீங்க, நான் ஊசி போடாதவ இல்ல. ஜனவரியிலயே போட்டாச்சு. பொட்டு மட்டும்தான் இல்ல. மகளுக்கு சிங்கப்பூர்ல பிரசவம். இத்தன நாளும் ஊசி ஒத்துக்காதுன்னு டாக்டர் குடுத்த விலக்குச் சீட்டு வச்சு ஓட்டிட்டேன். ஏர்போர்ட்ல அது செல்லாதாம். கைய ஸ்கேன் பண்ணுவாங்களாம். அந்தச் சீட்டு என் பேருல இருக்கறதால எந்த ஆஸ்பத்திரியிலயும் ஊசி போட்டுப் பொட்டு வைக்கவும் மாட்டேங்காங்க."

"ஜனவரியில யாருக்கும் ஊசி வரலையே?"

கோமதி திண்டாடினாள். பிறகு, இவளும் ஒரு குற்றவாளிதானே என்ற தைரியம் வந்தது போல, குரலைத் தணித்துச் சொன்னாள். "கிடங்குல வேலை பாக்கிறவர் ஒருத்தர் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார். எங்க சொந்தத்துல இன்னும் நிறையப் பேருக்கு. ஏமாந்துறக் கூடாதேன்னு எல்லாத்தையும் நான் சரிபாத்தேன். குப்பியில சீல் இருந்துச்சா, தேதி இருந்துச்சா, நம்பர் ஆணையத்தோட வெப்சைட்ல வருதா, எல்லாம். போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் டெஸ்ட் பண்ணினோம். அசல் மருந்து."

"பொட்டு ஏன் வைக்கல?"

"வச்சா முறை வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டது தெரிஞ்சிரும்ல. மருந்து மட்டும் போதும்னுட்டோம். மைய வேற யாருக்காவது வச்சு விட்டுக்கிடுதோம்னு அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. புஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"வேற யாருக்காவது" என்றாள்.

"ஆமா."

"அந்த வேற யாரோ ஒரு ஆளு அந்தக் கட்டில்ல படுத்துத்தான் செத்தாரு."

கோமதிக்குப் புரியவில்லை. புஷ்பம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியிருந்த ராயப்பன் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "நல்லாப் பாருங்க. லோடு தூக்குற உடம்பு. ஒரு மூட்டைய ஒத்தக் கையால தூக்கிருவாரு. உங்க மையி அவரு கையில. அவரு மருந்து உங்க கையில. நீங்க சீலு பாத்தீய, நம்பரு பாத்தீய. நானும் ஸ்கேன் பண்ணிப் பாத்தேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் சரிபாத்திருக்கோம். நீங்க உசுரோட நிக்கீய."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா..."

"மையி தனியாப் போவுதுன்னா எங்க போவும்னு ஒரு தடவயாவது யோசிச்சீயளா? தெரியாதுன்னு சொல்லாதீய. கேக்கலைன்னு சொல்லுங்க."

கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புஷ்பம் அவளைத் தூக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். வழிந்த பாலைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள். "நாளான்னைக்கு ஆணையத்து ஆபீஸ்ல விசாரணை. அங்க வந்து இத சொல்லுங்க. எங்க கையில மையி இருக்கு, மருந்து இல்லன்னா, ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரிங்காவ. உங்க கையில மருந்து இருக்கு, மையி இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் திருட்டு தெரியும்."

"எங்க வீட்டுக்காரர் பேரு கெட்டுப்போயிரும்."

"அப்ப எந்திரிச்சுப் போங்க."

போய்விட்டாள். தெருமுனையில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

விசாரணை அதிகாரி திலகராஜ் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். எல்லோரையும் அம்மா என்றார், ஐயா என்றார். காலனிக்காரர்கள் ஜன்னல் கம்பிக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள். பெட்டியோடு ஞானசெல்வியையும் வரச்சொல்லி இருந்தார்கள்.

"அம்மா, உங்க வேதனை புரியுது. ஆனா கணினியில பாத்தா எல்லாம் சரியா இருக்கே. கிடங்குல இருந்து எத்தன ஊசி போச்சோ, அத்தன பொட்டு இருக்கு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. அப்புறம் திருட்டு எங்க இருக்கு, சொல்லுங்க?"

"என்கிட்ட இருக்கு" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

கோமதிதான். நடந்ததை அவள் நின்றுகொண்டே சொன்னாள். கிடங்குக்காரரின் பெயரைச் சொன்னாள். யார் யார் வீட்டுக்கு அவர் போனார் என்று சொன்னபோது இரண்டு மூன்று பெரிய பெயர்கள் வந்தன. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். திலகராஜ் எழுந்து வந்து தானே ஸ்கேனரை எடுத்து அவள் தோளில் வைத்தார். எதுவும் எரியவில்லை.

"விலக்குச் சீட்டு இருக்கா?"

கொடுத்தாள். அவர் அதை வாங்கித் தன் பைலுக்குள் வைத்து மூடினார்.

"மேடம், நீங்க சொன்னதெல்லாம் பதிவாகும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. வெறுங்கையோட வந்தவங்களை ஊசி போடாம இந்தக் கட்டடத்த விட்டு அனுப்பக் கூடாது. சிஸ்டர், பெட்டியக் கொண்டாங்க. ரெண்டே நிமிஷம். பொட்டு ஏறிட்டா நாளைக்கே நீங்க பிளைட் பிடிக்கலாம்."

ஞானசெல்வி தயங்கித் தயங்கிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கோமதியின் கையைக் கண்ணாடியில் வைத்தார்கள். கிளுக்கென்று மூடி திறந்து ஒரு ஊசி மேலே வந்தது. ஜன்னலுக்கு வெளியே நூற்றுச் சொச்சம் பேர் அதைப் பார்த்தார்கள். இத்தனை நாள் மன்றாடியும் அவர்களுக்குத் திறக்காத மூடி, ஏற்கெனவே மருந்து வாங்கிக்கொண்டவளுக்கு முதல் தொடலிலேயே திறந்தது. யாரோ கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள்.

புஷ்பத்துக்குச் சட்டென்று விளங்கியது. பாய்ந்து போய்க் கோமதியின் தோளைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"போடாதீய! இன்னைக்கு மையி ஏறுனா, இவுக உடம்புல இருக்க மருந்து இன்னைக்குப் போட்ட மருந்துன்னு ஆயிரும். ஜனவரியில போட்டதுக்கு அப்புறம் என்ன சாட்சி?"

"தடுப்பூசியைத் தடுக்கிறது தனிக் குற்றம்மா" என்றார் திலகராஜ். குரல் உயரவில்லை. "உங்க மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"இதையும் சேத்துக்கோங்க."

அவர் புஷ்பத்தை விட்டுவிட்டுக் கோமதியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். மக காத்துக்கிட்டு இருப்பாங்க."

கோமதி ஊசியைப் பார்த்தாள். வேறெதையும் பார்க்கவில்லை. இதற்காகத்தான் வந்தாளோ என்று புஷ்பத்துக்குத் தோன்றியது. உண்மையையும் சொல்லிவிட்டுப் பொட்டையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருப்பாள். தன் உள்ளங்கைக்குக் கீழே அந்தத் தோள் முன்னால் நகர்வது தெரிந்தது. நகரத்தான் செய்தது. பிறகு நின்றது.

"முதல்ல ரத்தம் எடுங்க" என்றாள் கோமதி. "ஜனவரியில எடுத்த ரிப்போர்ட்டு என்கிட்ட இருக்கு. ஒத்துப் பாருங்க. ஊசி அப்புறம்."

"அதுக்கு மூணு நாள் ஆகும்."

"ஆகட்டும்."

"மூணு நாள் எங்க இருப்பீங்க?" திலகராஜ் முதல் தடவையாகச் சிரித்தார். "சீட்டு இல்லாம ஆத்துப்பாலம் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. வெறுங்கைக்கு எந்த லாட்ஜும் கதவு திறக்காது. உள்ளூர்ல யாராவது பொறுப்பு எடுத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் வெளிய விடவே முடியும். இந்த ஊர்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

புஷ்பம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். "எங்க போடணும்?"

ஞானசெல்வி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ரத்தம் எடுத்தாள். ஒன்று ஆணையத்துக்கு, இன்னொன்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு. இரண்டின் மேலும் கோமதி தன் கையால் பெயர் எழுதினாள். திறந்த மூடியை மறுபடி சாத்தினார்கள். அந்த ஊசி யாருக்கும் இல்லாமல் உள்ளே போயிற்று.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது இருவரும் நடந்தே வந்தார்கள். காரை ஆணையத்துக்காரர்கள் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். பின்னால் காலனி ஜனம் பத்தடி தள்ளி வந்தது. யாரும் கோமதியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் சாட்சி சொல்லிட்டேன்" என்றாள் கோமதி, பாதி வழியில். "இன்னும் என்மேல கோவம்தானா?"

"ஆமா."

"எப்பப் போகும்?"

"போவாது. ராத்திரிக்கு இட்லி போதுமா?"

கோமதி தலையசைத்தாள். அழுதாளோ என்னவோ, புஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை.

லூர்து காலனிக்குள் நுழையும்போது முதல் வீட்டிலிருந்து இருமல் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது. கோமதி பதறிப்போய் நின்று, கைப்பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டப் போனாள்.

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றாள் புஷ்பம். "இந்தத் தெருவுல பயமில்லாம மூச்சு விடக்கூடிய ஒரே ஆளு நீங்கதான்."

கவசத்தின் நாடா கோமதியின் ஒரு காதில் தொங்கியது. அவள் அதைக் கழற்றி மெல்லப் பைக்குள் வைத்தாள். இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஆண், பெண், குழந்தை, எல்லோரும் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தார்கள். தெரு முழுக்கக் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அத்தனை கண்களுக்கும் நடுவே, முகம் திறந்தபடி, அவள் புஷ்பத்தின் பின்னால் நடந்து போனாள்.